பதின்மூன்று கிலோ எழுநூறு கிராம்

மார்ச் 9, ஞாயிறு

மறுபடியும் இரண்டாம் இடம். வித்தியாசம் புள்ளி ஆறு விநாடி. அந்தப் புள்ளி ஆறை வைத்துக்கொண்டு ரேடியோ இன்று மதியம் வரை பேசினான். வாய் ஓயாததால் எங்கள் கார்ப் பந்தய கிளப்பில் அவனுக்கு அந்தப் பெயர். மாதம் ஒரு ஞாயிறு காலையில் பழைய கல்குவாரிக்குப் போகும் மலைப்பாதையை எங்கள் கிளப்புக்காக அடைத்து விடுகிறார்கள். ஒவ்வொரு காராக ஏற வேண்டும். மூன்று வருஷமாக நான் ஏறுகிறேன், அவன் ஜெயிக்கிறான்.

இந்த வருஷம் அவன் காரில் பின் சீட்டு இல்லை, கதவு அட்டை இல்லை, கூரைத் துணி இல்லை. உள்ளே உட்கார்ந்தால் தகர டப்பா. "எடைதான்டா எல்லாம். உனக்குத் தெரியாததா?" என்றான். கடை கடையாக, மருந்தகம் மருந்தகமாகப் போய்த் தராசுகளைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. எனக்கு எடை பற்றிப் பாடம் எடுக்கிறான்.

அவனுக்கென்ன, ஒண்டிக்கட்டை. என் கார் வீட்டுக் கார். வாரநாளில் மனைவி வேலைக்கு எடுத்துப் போகிறாள். பின் சீட்டில் மகள். சீட்டைக் கழற்றினால் வீட்டை விட்டே என்னைக் கழற்றிவிடுவார்கள். யார் கண்ணுக்கும் படாமல் எடை குறைய வேண்டும். அதற்கு என்ன வழி?

மார்ச் 11, செவ்வாய்

மனைவி ஜாம் பாட்டில் மூடியைத் திறந்து தரச் சொன்னாள். எப்போதும் நான்தான் அவளிடம் நீட்டுவேன். பல் லேப்பில் பதினாறு வருஷமாகச் செயற்கைப் பல் செய்கிற கை, அந்தப் பிடி எனக்கு வராது. "என்ன, இன்னைக்கு என் பக்கம் காத்து வீசுது?" என்று கேலி செய்தேன். சிரித்தாள்.

மச்சினனுக்குப் போன் செய்து சனிக்கிழமை அவன் பட்டறையில் காரைத் தூக்க இடம் கேட்டேன். சரி என்றான்.

மார்ச் 15, சனி

இன்று கண்டுபிடித்தேன். என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொள்ள வேண்டிய நாள்.

மச்சினன் சைலன்சர் வேலை பார்ப்பவன். மனைவியின் தம்பி. அவன் லிஃப்டில் காரை ஏற்றிவிட்டு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், பின் அச்சுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கட்டி தொங்குகிறது. அது எதையும் தாங்கவில்லை, எதையும் இழுக்கவில்லை. ரப்பர் வைத்துப் போல்ட் போட்டிருக்கிறார்கள், சும்மா இருக்கிறது.

"டேம்பர், மாமா. எஞ்சின் நடுக்கத்தை இது வாங்கிக்கும். இது ஆடும், வண்டி ஆடாது. அவ்வளவுதான் விஷயம்."

"வண்டி ஓடறதுக்கு இது வேணுமா?"

"ஓடறதுக்கு வேணாம்தான். ஆனா கம்பெனிக்காரன் வேலையத்துப் போயா இதை வெச்சிருப்பான்?"

"ஓடறதுக்கு வேணாம்னா கழட்டு, மாப்ள."

பின்பக்கம் 4 கிலோ 210 கிராம். கியர் பெட்டி ஓரத்தில் இன்னொன்று, 2 கிலோ 640. புகைக் குழாயில் ஒன்று, 1 கிலோ 180. ஸ்டியரிங் தண்டின் அடியில் குட்டியாக ஒன்று, 430 கிராம். பிறகு தரைவிரிப்பைத் தூக்கி, தகரத்தில் ஒட்டியிருந்த தார் அட்டைகளை உளியால் சுரண்டி எடுத்தேன். அதுவும் சத்தத்தையும் நடுக்கத்தையும் அடக்கத்தான் இருக்கிறதாம். 5 கிலோ 240. தரைவிரிப்பைத் திரும்ப விரித்தால் ஒன்றும் தெரியவில்லை.

மொத்தம் பதின்மூன்று கிலோ எழுநூறு கிராம். என் சொந்தத் தராசில், நானே முத்திரை வைத்த தராசில் நிறுத்தது. வேலை செய்யாமல் பதினோரு வருஷம் காரில் ஓசிச் சவாரி செய்த எடை.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றான் மச்சினன்.

சொல்ல என்ன இருக்கிறது?

மார்ச் 16, ஞாயிறு

காலையில் மலைப்பாதை வரை ஓட்டிப் பார்த்தேன். மூன்றாம் கியரில் எஞ்சின் கத்தக் கத்த ஏறினேன். நடுக்கமா, எங்கே? வெண்ணெய் மாதிரி போகிறது. கம்பெனிக்காரன் சும்மாதான் வைத்திருக்கிறான்.

மார்ச் 19, புதன்

"கார்ல என்னமோ மாதிரி இருக்குங்க" என்றாள். அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவில் ஸ்டியரிங் கையில் எறும்பு மாதிரி ஊருகிறதாம்.

"ரோடு அப்படி" என்றேன்.

"அதே ரோடுதானே?"

"அதே ரோடுதான், மேல சுரண்டி விட்டிருப்பாங்க." இவ்வளவு சுலபமாக வாயில் பொய் வரும் என்று எனக்கே தெரியாது.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஜெயித்தேன்!

புள்ளி இரண்டு விநாடி. ரேடியோ பத்து நிமிஷம் வாயே திறக்கவில்லை. கிளப்பில் அதற்கும் சேர்த்துக் கைதட்டினார்கள். மகள் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். மனைவி வரவில்லை, அவசர வேலை, ஒருவருக்கு முன்பல் நாளைக்குள் வேண்டுமாம். வீட்டுக்கு வந்து காட்டினேன். "நல்லா இருக்கு" என்று வாங்கிப் பார்த்தாள், உடனே மேஜையில் வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் சந்தோஷப்பட்டிருக்கலாம்.

ஏப்ரல் 10, வியாழன்

வாக்குவாதம். லேப்பிலிருந்து வந்ததும், கை மரத்துப்போகிறது, காலையில் கார் ஓட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால் பிரஷ் பிடித்திருப்பதே தெரியவில்லை என்றாள். பல்லுக்குச் சாயம் தீட்டும் பிரஷ், நாலைந்து மயிர்தான் இருக்கும். அதைப் பிடித்திருப்பது எனக்கும்தான் தெரியாது என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஸ்டியரிங் நடுங்குது. நான் சொல்றேன்ல."

"நான் ஓட்டும்போது நடுங்கலையே. உன் மனசுலதான் நடுங்குது."

கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன். மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஏப்ரல் 21, திங்கள்

கார் சாவியை மேஜையில் வைத்துவிட்டு பஸ்ஸில் போகிறாள். கேட்டதற்கு, "பஸ்ல தூங்கிட்டுப் போகலாம்" என்றாள். கோபமா இல்லையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. நானும் வீம்புக்குக் கேட்கவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

ஒரு வாரப் பஸ் போதும் என்று மறுபடி காரை எடுத்துவிட்டாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றாலும் கை மரக்கிறதாம். பஸ் எஞ்சின் அப்படி என்று சொன்னேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு "சரி" என்றாள்.

மே 3, சனி

எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுத வேண்டும்.

அவள் லேப்புக்குப் பக்கத்து மருந்தகத்தில் தராசு கோளாறு என்று காரை எடுத்துக்கொண்டு போனேன். நேர்ச்சாலை, ஐம்பது நிமிஷம், அறுபத்தைந்துக்கு மேல் போனால் கேமரா பிடிக்கும். அவள் தினமும் போகும் பாதை. நான் அதில் தனியாக, அந்த வேகத்தில், கடைசிக் கியரில் போனதே இல்லை.

ஸ்டியரிங் ஊருகிறது. ஊருகிறது என்று அவள் சொன்னதற்கு மேல் சரியான சொல் இல்லை. உள்ளங்கையில் ஆரம்பித்து முழங்கை வரை வந்தது. மூக்கு நுனி அரித்தது. பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் லாரி ஒரு கலங்கலாகத் தெரிந்தது. எழுபத்தைந்துக்குத் தூக்கினேன், நின்றுவிட்டது. ஐம்பதுக்கு இறக்கினேன், நின்றுவிட்டது. அறுபத்தைந்தில் வைத்தால் மறுபடி.

நான் மலையேறும்போது அந்த வேகத்தை அரை விநாடியில் தாண்டிவிடுகிறேன். அவள் அதிலேயே தினமும் ஐம்பது நிமிஷம் போக, ஐம்பது நிமிஷம் வர உட்கார்ந்திருக்கிறாள். ஒன்றரை மாதமாக. யாரோ ஒருவன் எங்கேயோ ஒரு மேஜையில் உட்கார்ந்து, அறுபத்தைந்தில் வேலைக்குப் போகிற ஒரு பெண்ணின் கை மரக்கக் கூடாது என்று கணக்குப் போட்டு நாலு கிலோ இரும்பைத் தொங்கவிட்டிருக்கிறான். முகம் தெரியாத அவனுக்கு இருந்த அக்கறை எனக்கு இல்லை. கோப்பை வேணும்னு பொண்டாட்டிய பொய்க்காரி ஆக்கிட்டேனே. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மே 4, ஞாயிறு

கிளப்புக்குப் போகவில்லை. காலையில் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கட்டி, தார் அட்டை, ரோட்டைச் சுரண்டிவிட்டார்கள் என்ற பொய், எல்லாம். திட்டுவாள், அழுவாள், தன் அக்கா வீட்டுக்குக் கிளம்புவாள் என்று தயாராக இருந்தேன்.

"அப்போ கார்தானா?" என்றாள்.

"கார்தான். என் தப்புதான்."

"நிச்சயமா கார்தானே?"

"நானே ஓட்டிப் பார்த்துட்டேன். என் கையே மரத்துப்போச்சு."

எனக்கு ஒரு தோசைக்கரண்டி அடியாவது விழும் என்று நினைத்த இடத்தில், பெருமூச்சு விட்டுச் சிரித்தாள். இரண்டு மாதத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை. இவ்வளவு சீக்கிரம் மன்னிப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை.

மே 5, திங்கள்

மச்சினன் பழைய இரும்புக்காரரிடம் கழற்றிய எல்லாவற்றையும் போன மாதமே போட்டுவிட்டான். "நீங்கதானே மாமா, கண்ணுல படாம எங்கயாவது தள்ளுன்னீங்க" என்கிறான். நான்தான் சொன்னேன். பழைய மாடல் என்பதால் புதுக் கட்டிகள் வர ஆறு வாரம் ஆகுமாம். அதுவரை ஐம்பதைத் தாண்டாமல் ஓட்டு என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

மே 20, செவ்வாய்

லேப்பில் அவள் கைதவறி ஒரு பல் விழுந்து உடைந்துவிட்டது. இந்த மாதத்தில் இது மூன்றாவது. இன்று கார் என்னிடம் இருந்ததால் அவளை அழைத்துவரப் போனேன், அப்போது லேப் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர்.

"கையைக் கொஞ்சம் டாக்டர்கிட்ட காட்டுங்களேன், சார்."

நான் அவருக்கு விளக்கினேன். எஞ்சின் எப்போது நடுங்கும், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தகரமும் அதோடு சேர்ந்து ஏன் நடுங்கும், டேம்பர் அதை எப்படி வாங்கிக்கொள்ளும் என்று பேப்பரில் படம் வரைந்தே காட்டினேன். "காரணம் தெரிஞ்சுபோச்சு, சார். பார்ட்ஸ் வந்துட்டிருக்கு" என்றேன். அவர் தலையாட்டினார்.

ஜூன் 2, திங்கள்

கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அப்படியேதான் என்றாள். ஐம்பதில் போனாலும் மிச்சம் மீதி நடுக்கம் இருக்கும், இத்தனை நாள் வாங்கியது தெளியவும் நாளாகும் என்று சொன்னேன். "ஆமா, கட்டி வரட்டும்" என்றாள். இருவரும் காலண்டரைப் பார்த்தோம்.

ஜூன் 14, சனி

வந்துவிட்டன. ஸ்டியரிங் தண்டுக் கட்டி மட்டும் கிடைக்கவில்லை. கார்களை உடைத்து விற்கும் இடத்தில் அதே மாடல் ஒன்று கிடந்தது, அதிலிருந்து கழற்றி வந்தேன். மச்சினனும் நானும் நாள் முழுக்க மாட்டினோம். தார் அட்டையைச் சூடு காட்டி ஒட்டும்போது என் முட்டி இரண்டும் கன்றிப்போயின. வலித்தது, வலிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நிறுத்துப் பார்க்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

அவள் ஓட்டினாள். நான் பக்கத்தில். பின்னால் மகள் தண்ணீர் நிரம்பிய டம்ளரை இரு கையாலும் பிடித்துக்கொண்டு. லேப் ரோட்டில் அறுபத்தைந்து. தண்ணீர் அலுங்கவில்லை. பின் கண்ணாடியில் வந்த வண்டியின் நம்பரை நான் படித்துக் காட்டினேன்.

"இப்போ எப்படி?" என்றேன்.

"ஒண்ணுமே தெரியலைங்க" என்றாள்.

மகள் கைதட்டப்போய் டம்ளரைக் கவிழ்த்துவிட்டாள். மூவரும் சிரித்தோம். இந்த வருஷத்திலேயே நல்ல நாள் இதுதான். ஒரு முட்டாள்தனத்தைச் செய்தேன், அதைத் திருத்தவும் செய்தேன். போதும்.

ஜூன் 17, செவ்வாய்

சாயங்காலம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று துடைத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய வலது ஆள்காட்டி விரலில் பெரிய கொப்புளம்.

"எப்போ சுட்டுது?"

"எங்க?"

விரலைத் திருப்பிப் பார்த்தாள். லேப்பில் பல்லைச் சுடும் உலை இருக்கிறது, அதன் தட்டைத் தொட்டிருப்பாள் போல. எப்போது என்று தெரியவில்லை. வேறு யாருடைய விரலையோ பார்ப்பது மாதிரிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வேலைப் பையைத் திறந்து எடைக்கற்களை எடுத்து வந்தேன். கண்ணை மூடு, கையை மேஜையில் மல்லாத்தி வை என்றேன். சுண்டுவிரலில் ஐந்து கிராம் வைத்தேன். "சுண்டுவிரல்" என்றாள், உடனே. ஆள்காட்டி விரலில் ஐந்து கிராம். பேசாமல் இருந்தாள். இருபது வைத்தேன். ஐம்பது வைத்தேன். நூறு கிராம் கல் அந்த விரல்மேல் இருக்கும்போது, கண்ணைத் திறக்காமல், "வைக்கலையா இன்னும்?" என்று கேட்டாள்.

கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். மூன்றும் அப்படித்தான். நேற்று முன்தினம் அவள் ஒண்ணுமே தெரியலைன்னது அதனாலதான். நானும் சேர்ந்து சிரிச்சேனே. வண்டி நடுங்காம இருந்தாலும் நடுங்கினாலும் அவளுக்கு ஒண்ணுதான். எத்தனை நாளா? யாருக்குத் தெரியும். நான் அவ கையைப் பார்க்கவே இல்லையே. காரைத்தானே பார்த்துட்டிருந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

நரம்பு டாக்டர். வயதானவர், மெதுவாகப் பேசுகிறார். அவளுடைய இரண்டு கைகளையும் மேஜைமேல் அருகருகே வைக்கச் சொன்னார். அப்போதுதான் எனக்கே கண்ணில் பட்டது. வலது கைக் கட்டைவிரலின் அடிச்சதை வற்றிக் குழிந்திருக்கிறது. இடது கையில் அது மேடாக இருக்கிறது. கல்யாணமாகிப் பதினான்கு வருஷமாக நான் பிடித்த கை.

இரண்டு கால் உள்ள ஒரு இரும்புக் கவையை எடுத்து முழங்காலில் தட்டினார். அது ரீங்காரம் போட்டது, எனக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டது. அதன் அடியை அவள் விரல்நுனிகளில் ஒவ்வொன்றாக வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று கேட்டார். சுண்டுவிரலில் தெரிந்தது. ஆள்காட்டி விரலில் வைத்துக் காத்திருந்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது. பல் வேலையில், வருஷக்கணக்காகப் பல்லைத் தேய்க்கும் அந்தச் சின்ன அரவை மோட்டாரைப் பிடித்துப் பிடித்து வருவதாம். கார் காரணமா என்று கேட்டேன். "கொஞ்சம் தள்ளி விட்டிருக்கலாம். சொல்ல முடியாது. ஆனா அது காரணம் இல்ல" என்றார். பிறகு அவளிடம், "ஏம்மா இவ்வளவு தாமதம்? எப்போ ஆரம்பிச்சுது?"

"ஜனவரில" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். ஜனவரி. நான் காரில் கைவைத்தது மார்ச்.

"ஜனவரில ஆரம்பிச்சதுக்கு ஜூன்லயா வர்றது?" என்றார் டாக்டர்.

"கார்னு நெனச்சோம், டாக்டர்."

அவர் எழுதிக்கொண்டிருந்தார். அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். இன்னும் மோசமாகாது. போனது எவ்வளவு திரும்பும் என்று உத்தரவாதம் தர முடியாது. மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்து, அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டார்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்தோம். சாவியைப் போடவில்லை.

"ஜனவரிலயே ஏன் சொல்லல?"

"அப்போ காலைல எந்திரிக்கும்போது மட்டும்தான் மரத்துக் கெடக்கும். உதறினா சரியாயிடும். ஏப்ரல்ல சொன்னேன். மனசுலன்னீங்க."

சாவியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"டாக்டர்கிட்ட போகலாம்னுதான் இருந்தேன். அப்புறம் நீங்க உக்காரவெச்சு, கார்தான்னு சொன்னீங்க. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்துச்சு." கையை மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கார்னா சரி பண்ணிடலாம்ல."

ஜூன் 22, ஞாயிறு

மச்சினன் வந்தான். என்னை வெளியே கூட்டிப்போய், "உங்க தப்பு இல்ல மாமா, டாக்டரே சொல்லிட்டாராமே" என்றான். அவன் நல்லதுக்குச் சொல்கிறான். காரால் வந்தது என்று டாக்டர் சொல்லியிருந்தால்கூட, என் தப்பு இதுதான் என்று எனக்கு ஒரு இடத்தில் நிற்க முடிந்திருக்கும்.

நான் கட்டியைக் கழற்றாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஏப்ரலில் அவள் கை மரக்கிறது என்பாள். காரில் ஒரு குறையும் இல்லை, லேப்பில் ஒரு குறையும் இல்லை, அப்படியானால் கையில்தான் என்னமோ என்று அந்த வாரமே டாக்டரிடம் போயிருப்போம். அவள் கையில் இருந்த நோய்க்கு ஒளிந்துகொள்ள இடம் செய்து கொடுத்தது நான். முதலில் இல்லவே இல்லை என்றேன். பிறகு இதோ இதுதான் என்றேன். இரண்டு தடவையும் அவள் நம்பினாள். லேப் முதலாளிக்குப் படம் வேறு வரைந்து காட்டினேன்.

ஜூலை 9, புதன்

அறுவை சிகிச்சை முடிந்தது. அரைமணி நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா என்றுதான் முதலில் தோன்றியது.

ஜூலை 27, ஞாயிறு

ரேடியோ போன் செய்தான். அடுத்த ஞாயிறு வருகிறாயா என்று. வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்டான். சொன்னேன், எல்லாவற்றையும். அவன் தன் அம்மாவுக்குச் சர்க்கரையில் காலில் உணர்ச்சி போன கதையைச் சொல்ல ஆரம்பித்தான். முழுக்கக் கேட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்று லேப்புக்குப் போனாள். நான்தான் கொண்டுபோய் விட்டேன். அவள் மேஜையில் இப்போது வேறொரு பெண் உட்காருகிறாள். இவளுக்கு வேலை போகவில்லை. மற்றவர்கள் செய்த பல்லை வெளிச்சத்தில் பிடித்து, நிறம் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலை. "கண்ணு நல்லாத்தானே இருக்கு" என்று முதலாளி சொன்னாராம். அவர் மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார், அவளும் அதைச் சாதாரணமாகத்தான் என்னிடம் சொன்னாள்.

சாயங்காலம் ஒரு காகிதப் பையோடு வந்தாள். அவளுடைய பிரஷ்களைக் கொண்டுவந்துவிட்டாள். எங்கே வைப்பது என்று வீடு முழுக்க ஒரு சுற்று நடந்துவிட்டு, மகளிடம் கொடுத்தாள். மகளுக்கு ஒரே சந்தோஷம். பூனை வரைந்து காட்டினாள், மீசை ஒவ்வொரு மயிராகத் தெரிகிறது. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. காரைக் கழுவப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கையை அமுக்கிவிட்டுப் பயிற்சி செய்யவைக்கிறேன். களிமண் உருண்டையைப் பிசைவது, துணிக்கிளிப்பைத் திறந்து மூடுவது, அரிசிக்குள் பொத்தானைத் தேடுவது. கண்ணை மூடிக்கொண்டு தேட வேண்டும். அவள் கண்ணை லேசாகத் திறந்து பார்த்து எடுக்கிறாள். எனக்குத் தெரியும். நானும் கண்டுகொள்வதில்லை.

"இன்னைக்குப் பரவால்லையா?" என்று தினமும் கேட்கிறேன். பரவாயில்லை என்று தினமும் சொல்கிறாள். அப்படிக் கேட்பதை நிறுத்த வேண்டும்.

அக்டோபர் 10, வெள்ளி

மூன்று மாதப் பரிசோதனை. காலையில் சீக்கிரம் எழுந்து, நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டாள். தேர்வுக்குப் போகிற மாதிரி இருந்தது. டாக்டர் தையல் போட்ட இடத்தைப் பார்த்தார், திருப்தி. பிடியை அளந்தார், கொஞ்சம் கூடியிருக்கிறது. பிறகு அந்தக் கவையை எடுத்தார். கண்ணை மூடச் சொன்னார்.

நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடுவதற்கு முன் அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ.

சுண்டுவிரலில் வைத்தார். "இருக்கு." மோதிர விரல். "இருக்கு." நடுவிரலில் கொஞ்சம் யோசித்தாள். "லேசா இருக்கு" என்றாள். டாக்டர் கவையை மறுபடி தட்டினார். தட்டிய உடனே இன்னொரு கையின் இரண்டு விரலால் அதன் கால்களைப் பிடித்து நிறுத்திவிட்டார். ரீங்காரம் நின்றது. அறையில் சத்தமே இல்லை. அசையாத அந்த இரும்பைக் கொண்டுவந்து அவள் ஆள்காட்டி விரல்நுனியில் வைத்தார்.

"இது?"

"இருக்கு" என்றாள். "நல்லாத் தெரியுது, டாக்டர்."

டாக்டர் தலையை நிமிர்த்தாமல் ஏதோ எழுதினார். அவள் கண்ணைத் திறந்து முதலில் என்னைத்தான் பார்த்தாள். நான் சிரித்தேன்.

திரும்பி வரும்போது நான் ஓட்டினேன். பாதி வழியில், "கொஞ்சம் கொஞ்சமா வருதுங்க" என்றாள்.

"ஆமா" என்றேன்.